இன்னார் மனைவி

வாக்காளர் பட்டியலில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். கட்டம் கட்டமாகப் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூலையில் வரிசை எண், எதிர் மூலையில் அடையாள அட்டை எண். முதல் வரியில் பெயர். இரண்டாம் வரியில் தந்தை பெயர் அல்லது கணவர் பெயர். அதற்குக் கீழே வீட்டு எண், வயது, பாலினம். ஆணின் கட்டத்தில் அந்த இரண்டாம் வரி பதினெட்டு வயதில் எப்படி ஏறியதோ அப்படியே எண்பது வயதுவரை கிடக்கும். பெண்ணின் கட்டத்தில்தான் அது நடுவில் ஒருநாள் மாறும். மாறும்போது பாகம் எண்ணும் மாறும், பல சமயம் தொகுதியும் மாறும், பேருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தும் மாறும்.

பெண்களுக்கு ஓட்டு எப்போது வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு ஆண்டு சொல்வார்கள். சென்னை மாகாணத்தை மனதில் வைத்தவர் 1921 என்பார். வயது வந்த எல்லோருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 1950. யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ கேட்டால் 1931. மூன்றும் சரி. ஆனால் மூன்றும் சட்டம் மாறிய ஆண்டுகள். சட்டம் கொடுத்ததைக் கையில் வாங்க பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏற அந்த இரண்டாம் வரி நிரம்ப வேண்டும். பெண்களின் ஓட்டு வரலாற்றில் பாதிச் சண்டை அந்த இரண்டாம் வரியில் நடந்தது. இன்னும் நடக்கிறது.

1917 டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவர்களைப் பார்த்தது. அந்த ஆண்டில்தான் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. தூதுக்குழுவுக்குப் பின்னால் ஓடியாடியவர் மார்கரெட் கசின்ஸ். முக்கியமாகக் கேட்டது இது: ஆண்களுக்கு எந்தத் தகுதியில் ஓட்டுத் தருகிறீர்களோ அதே தகுதியில் எங்களுக்கும் தாருங்கள். அடுத்து, யாருக்கு ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ குழு, நாட்டின் பழமைப் போக்குக்கு இது ஒத்துவராது என்று கைவிரித்தது. ஹீராபாய் டாட்டாவும் மகள் மிதானும் 1919இல் லண்டனுக்கே போய் வாதாடினார்கள். கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தானும் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மாகாண சட்டசபைகளின் தலையில் தள்ளிவிட்டது.

அப்போது அது நிறைவேற்றிய 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் வந்த தேர்தல் விதிகளில் யாரெல்லாம் வாக்காளராக முடியாது என்று நான்கு உருப்படி இருந்தது. பிரிட்டிஷ் பிரஜை அல்லாதவர். பெண். புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் தீர்மானித்தவர். 21 வயது நிரம்பாதவர். அந்நியனுக்கும் பித்தனுக்கும் நடுவில் பெண்ணை உட்கார்த்தியிருந்தார்கள். மற்ற மூன்று தடைகளும் ஆளைப் பொறுத்தவை. நிலைமை மாறினால் நீங்கக்கூடியவை. பெண் என்ற தடையை நீக்க மட்டும் சட்டசபை தீர்மானம் போட வேண்டும். 1921இல் சென்னையும் பம்பாயும் போட்டன. ஐக்கிய மாகாணம் 1923இல், வங்காளம் 1925இல். பீகார்–ஒரிசா எல்லோருக்கும் கடைசியாக 1929இல் வந்து சேர்ந்தது.

இந்தத் தீர்மானம் பெண்ணுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்த தடையை எடுத்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சொத்து, தீர்வை, வரி என்று ஆணுக்கிருந்த தகுதி அத்தனையும் அவளுக்கும் வேண்டும். கிராமத்தில் பட்டா யார் பெயரில் இருக்கும்? அப்பன் பெயரில், அவன் போனால் அண்ணன் தம்பி பெயரில், கட்டிக்கொண்டு போன வீட்டில் கணவன் பெயரில். சீதனமாக நிலம் வந்தவளுக்கும், கணவன் இறந்து பட்டா கைமாறியவளுக்கும் வழி இருந்தது. தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கள்தாயம் இருந்த மலபாரில் சிலருக்கு இருந்தது. நாள் முழுக்க நாற்று நட்டவளுக்கு இல்லை. 1920களில் பட்டியலில் சுமார் இருபது ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கு வந்ததற்குக் காரணம் பெண்களின் அக்கறையின்மை என்று அந்தக் காலத்தில் எழுதினார்கள். காரணம் பட்டாவில் இருந்தது.

ஓட்டுப் போடுவது ஒன்று, சபையில் உட்காருவது வேறொன்று. இரண்டாவதற்கான கதவு 1926இல்தான் திறந்தது. அந்த ஆண்டு தென் கன்னடத்தில் கமலாதேவி சட்டோபாத்யாய சென்னைச் சட்டசபைக்கு நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930இல் காந்தி கைதானபோது பதவியை விட்டு வெளியே வந்தார்.

எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பது லண்டனுக்கே உறுத்தியது. 1932இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழு அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் ஓட்டு. ராணுவ வீரரின் ஓய்வூதியம் பெறும் விதவைக்கும் தாய்க்கும் ஓட்டு. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் ஆறாம் அட்டவணையில் இது ஏறியது. சுமார் 60 லட்சம் பெண்கள் வாக்காளராகும் வாய்ப்பு வந்தது. கணக்காகப் பார்த்தால் பெரிய தாவல்தான்.

ஆனால் அதன் இயக்கத்தைப் பாருங்கள். தோட்டத்தையும் துரவையும் கணவன் விற்றுவிட்டால் அவனோடு சேர்த்து மனைவியின் ஓட்டும் போகும். கல்யாணமாகாத, சொத்தில்லாத, படிக்காத பெண்ணுக்கு எந்த வழியும் கிடையாது. படித்தவள் என்று ஏற, படிப்பு உண்டென்பதை விதிப்படி காட்ட வேண்டும். பல மாகாணங்களில் பெண்கள் தாமாக மனுப் போட்டால்தான் பெயர் ஏறும். ஆணின் பெயரை வருவாய்க் கணக்கிலிருந்து ஊர்க் கணக்கரான கர்ணமே எடுத்துப் பட்டியலில் எழுதிவிடுவார். அந்த ஆணின் மனைவி மட்டும் தாலுகா கச்சேரிக்கு மனு எழுதி அனுப்ப வேண்டும். மனு போட வேண்டும் என்று வந்துவிட்டால் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். தேர்தல் வேலையில் இருந்த எவருக்கும் தெரிந்த சங்கதி இது. இன்றைக்கும் பொருந்தும்.

மாதர் அமைப்புகள் இதை அப்போதே கண்டுகொண்டன. அகில இந்திய மாதர் மாநாடு, இந்திய மாதர் சங்கம், இந்திய மாதர் தேசிய கவுன்சில் மூன்றும் சேர்ந்து, ‘மனைவி’ என்ற தகுதி வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டன. 1933இல் முத்துலட்சுமி ரெட்டி, அம்ரித் கவுர், பேகம் ஹமீத் அலி மூவரும் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் இதையே சொன்னார்கள். ராதாபாய் சுப்பராயன் போன்றவர்கள் கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்வோம் என்ற பக்கம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ருக்மிணி லட்சுமிபதி உள்ளே போய்த் துணை சபாநாயகரானார், பின்னால் மந்திரியும் ஆனார்.

விடுதலைக்குப் பிறகு ஒரு விசித்திரமான வேலை நடந்தது. அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடியும் முன்பே, அரசியல் நிர்ணய சபையின் செயலகம் வயது வந்தோர் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லி 1948இல் மாகாணங்களுக்கு எழுதியது. சட்டம் இன்னும் இல்லை, பட்டியல் தயாராகிறது. 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள். அதுவரை வாக்காளன் என்றால் தகுதியை நிரூபிக்கும் ஆள். இப்போது வீடு வீடாக அரசாங்கமே வந்து பெயர் கேட்கிறது. மனு கிடையாது, பட்டா கிடையாது, மனைவி என்ற தகுதியும் கிடையாது. 1935ஆம் ஆண்டு முறைக்கு இது நேர் எதிர். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வாசலுக்கு வந்து பெயர் கேட்ட அந்தக் கணக்கெடுப்பு.

கேட்டபோது என்ன பதில் வந்தது என்பதில்தான் சிக்கல். ஐக்கிய மாகாணம், பீகார், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் பக்கங்களில் பெண்கள் தங்கள் பெயரை அந்நிய ஆணிடம் சொல்லவில்லை. வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்தவரும் விட்டால் போதும் என்று ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’, ‘இன்னார் மகள்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் வாங்குங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள் என்றார். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அங்கே ஓரளவு பலன் கிடைத்தது. கடைசியில் நாடு முழுக்கச் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவு நீக்கப்பட்டது.

சென் செய்தது சரியா? நிர்வாகக் காரணம் தெளிவு. வாக்குச்சாவடியில் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார். எதிரே நிற்பவர் அவர்தானா என்று முகவர்கள் பார்ப்பார்கள். ‘ராம்லால் மனைவி’ என்று படித்தால் ராம்லாலுக்கு இரண்டு மனைவி இருந்தாலே பட்டியல் உடைந்தது. இறந்தவளின் இடத்தில் இன்னொருத்தி வந்து போட்டாலும் பிடிக்க வழியில்லை. கொள்கைக் காரணம் இன்னும் கனமானது. 1935இல் ‘மனைவி’ என்பதே ஓட்டுக்கான தகுதி. 1950இல் அந்தச் சொல்லால் ஏறிய பதிவை ஒத்துக்கொண்டால் பழைய முறை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். இந்த விஷயத்தில் நான் சென் பக்கம்தான். ஆனால் தண்டனை விழுந்தது யார் மேல்? பெயரைச் சொல்லாத வீட்டு ஆண் ஓட்டுப் போட்டான். பெயரை எழுதாத ஊழியர் சம்பளம் வாங்கினார். ஓட்டு இழந்தவள் ஒருத்திதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் சிக்கல் தலைகீழ். இங்கே பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் படிவத்தில் இரண்டாம் வரி அதைத்தான் கேட்கிறது. ‘ஏழுமலைக்கு மேல நிக்கிறவரு பேரு’ என்றோ, ‘அந்தா, பழனியில கோவணத்தோட நிக்குதே சாமி’ என்றோ ஜாடை வரும். வெங்கடேசனா, வெங்கடாசலமா, சீனிவாசனா என்று ஊழியர் தலையைச் சொறிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ, மடியில் இருக்கும் பிள்ளையோ எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுபோகப் பெயரே இரண்டு இருக்கும். வீட்டில் பாப்பா, சின்னப்பொண்ணு, அம்மாக்கண்ணு. குலதெய்வத்தின் பெயரைக் கூப்பிடக் கூடாது என்று வைத்த மறுபெயர்கள் அவை. பட்டியலில் எது ஏறியது என்பது அன்றைக்கு யார் திண்ணையில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வேற்றுமை பின்னாளில் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் குட்டி போட்டது.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் தேர்தலில் முத்திரை குத்தும் வேலை இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. எழுத்தறியாதவருக்கு இதைவிட எளிய முறை இருக்க முடியாது. பெண்களுக்கென்றே 27,527 சாவடிகள் ஒதுக்கியிருந்தார்கள். தடை சாவடிக்குள் இல்லை. சாவடிக்கு வருமுன்பே பட்டியலில் இருந்தது.

1962இல் ஆண் வாக்காளர்களில் நூற்றுக்கு 63 பேர் வாக்களித்தார்கள். பெண்களில் 47 பேர்தான். 2019இல் பெண்கள் ஆண்களை எட்டிப்பிடித்துத் தாண்டினார்கள். இந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பூரிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வாக்குப்பதிவு விகிதம் பட்டியலில் இருப்பவர்களை வைத்துப் போடும் கணக்கு. பட்டியலிலேயே இல்லாதவள் அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். பெண்களின் பெயரை அடிக்க அடிக்க விகிதம் உயரக்கூட வாய்ப்புண்டு. பார்க்க வேண்டியது பட்டியலில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண், அதே ஊரின் மக்கள்தொகையில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்ற இரண்டு எண்களை. இரண்டும் விலகும் இடத்தில்தான் கோளாறு.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கசப்பு. அங்கே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1927இல் தொடங்கி, இலங்கைக்குப் புது அரசியலமைப்பைப் பரிந்துரைக்க வந்த டொனமூர் குழு முன் சாட்சி சொன்னது. தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று சங்கத்தின் ஆக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். குழு முப்பது வயதுப் பெண்களுக்கு மட்டும் என்று பரிந்துரைக்க, கடைசியில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் 1931இல் ஓட்டு வந்தது. பிரான்ஸ் பெண்களுக்கு அது கிடைக்க 1944 ஆனது. இலங்கையில் 1932இலேயே கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து சட்டசபைக்குப் போனார்.

மலையகத் தமிழருக்குக் குடியிருப்பு நிபந்தனைகள் இருந்தாலும் ஏராளமானோர் பட்டியலில் ஏறினார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் பிடித்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஓட்டுப் போட்டுத் தன் ஆளை அனுப்பிய தேர்தல் அது. அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அது நடைமுறைக்கு வரும் முன் பிறந்தவர் வம்சாவளியில் குடியுரிமை பெற, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. ஐந்து தலைமுறையாகத் தாய்வழி அத்தனை பேரும் நுவரெலியாவில் பிறந்து, அப்பன் மட்டும் திருச்சியிலிருந்து வந்தவன் என்றால் கதை முடிந்தது. அப்பனும் அங்கேயே பிறந்திருந்தால்? பிறப்புச் சான்று எங்கே என்பார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்த தலைமுறைக்குப் பிறப்பைப் பதிவதே அபூர்வம்.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் குடியுரிமைக்கு வழிவிட்டது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு இடையறாத வசிப்பு வேண்டும். ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் ‘இடையறாத’ என்ற சொல் அறுந்துவிடும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வாக்காளராக முடியாது என்றது. மூன்று சட்டங்களின் வரிசையைக் கவனியுங்கள். ஓட்டைப் பறிக்கிறோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. குடியுரிமையின் வரையறையை மாற்றினார்கள், பிறகு பட்டியலை அந்த வரையறையோடு கட்டினார்கள். பெண்களுக்கு ஆசியாவில் முன்னோடியாக ஓட்டுக் கொடுத்த நாட்டில், ஏழு லட்சம் பேருக்குக் குறையாத ஒரு சமூகத்தின் பெண்கள் பதினெட்டே ஆண்டில் ஓட்டில்லாதவர்கள் ஆனார்கள். இலங்கையில் தாய் வழியாகவும் குடியுரிமை வரலாம் என்று சட்டம் திருந்தியது 2003இல்.

இதை இலங்கையின் தனிக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவனைக் கட்டிக்கொண்ட அமெரிக்கப் பெண் குடியுரிமை இழப்பாள். கலிபோர்னியாவில் பிறந்த எத்தல் மெக்கன்சி, 1911இல் அந்த மாநிலம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த பிறகு பெயர் பதியப் போனார். ஸ்காட்லாந்துக்காரரை மணந்ததால் நீ அமெரிக்கரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1915இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 1922இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவனை மணந்தால் பழைய கதைதான். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் அந்த வகை என்று தீர்ப்பானது. அதன்பின் இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களுக்கும் இரண்டாம் வரி முதல் வரியைத் தின்றது.

நம் நாட்டிலும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில், வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியாக மட்டும்தான். இந்தியத் தாய் சிங்கப்பூரில் பெற்ற பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை இறங்காது. ‘பெற்றோரில் ஒருவர்’ என்று அது மாறியது 1992இல். அதே சட்டத்தில், இந்தியரை மணந்து பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் வழி பெண்களுக்கு மட்டும் இருந்தது. இந்தியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு இல்லை. பார்வைக்குச் சலுகை. உள்ளே இருந்த எண்ணம், பெண் போகும் வீட்டோடு சேர்ந்தவள், ஆண் சேர மாட்டான் என்பது. தேர்தல் சட்டத்திலும் இதன் நிழல் வெகுகாலம் கிடந்தது. ராணுவத்தில் இருப்பவரின் மனைவி அவரோடு சேர்ந்து பணி வாக்காளராகப் பதியலாம்; பெண் அதிகாரியின் கணவர் பதிய முடியாது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் ‘மனைவி’ என்ற சொல்லை எடுத்து, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான சொல்லைப் போட்டது 2021ஆம் ஆண்டுத் திருத்தம்.

இன்றைய நடைமுறைக்கு வருவோம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண்ணின் பெயர் எந்த இடத்தில் தொலைகிறது என்பது ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒன்று.

முதல் தவறு, படிவம் 6. அது புதிதாகச் சேர்பவருக்கு. ஏற்கெனவே ஒரு இடத்தில் பெயர் இருப்பவர் இடம் மாறினால் படிவம் 8. ஒரே தொகுதிக்குள் மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும் 2022 முதல் இந்த ஒரே படிவம்தான். அடையாள அட்டை எண் பழையதே தொடரும். படிவம் 6 போட்டால் புது எண்ணோடு இரண்டாவது பதிவு உண்டாகும். இரண்டு தொகுதியில் பெயர் இருப்பது 17ஆம் பிரிவுக்கு விரோதம். வேறெங்கும் பெயர் இல்லை என்று கையெழுத்துப் போட்டதும் பொய்யுரை ஆகிவிடும். அதற்கு 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. வீட்டில் யாரோ நிரப்பிக் கொடுத்த படிவத்துக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவள்.

இரண்டாவது, இடைவெளி. பெண் கல்யாணமாகிப் போனது பிறந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாராவது படிவம் 7 கொடுத்து, இடம்பெயர்ந்தவர் என்று நீக்கச் சொல்வார்கள். சட்டப்படி விசாரிக்காமல் நீக்கக் கூடாது. ஆனால் நோட்டீஸ் போவது பழைய முகவரிக்கு. அங்கே அம்மா, ‘ஆமாம், அவ இப்ப இங்க இல்ல’ என்று உண்மையைச் சொல்வாள். பெயர் போய்விடும். புகுந்த ஊரில் இன்னும் ஏறியிருக்காது. ஆகவே நீக்கம் முதலில் நடக்க விடக் கூடாது. படிவம் 8 கொடுத்தால் புது இடத்தில் ஏறும்போதே பழைய இடத்தில் நீங்கும். ஏற்கெனவே நீங்கிவிட்டது என்றால் அப்போதுதான் படிவம் 6. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு சரியில்லை என்று பட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அதன்பின் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு உண்டு.

முகவரிச் சான்று மூன்றாவது தொல்லை. மின் கட்டண அட்டை, எரிவாயு ரசீது, வீட்டு வரி எல்லாம் மாமனார் பெயரில் இருக்கும். புது மருமகள் பெயரில் அந்த வீட்டில் ஒரு காகிதமும் இருக்காது. சான்று இல்லை என்பதற்காக அலுவலர் விண்ணப்பத்தை வாங்க மறுக்க வேண்டியதில்லை. நேரில் வந்து விசாரித்து முடிவெடுக்கலாம். வங்கிக் கணக்கின் முகவரியை முதலில் மாற்றிவிட்டு அந்தப் புத்தகத்தைக் காட்டுவது பலருக்கு எளிய வழி.

இனி அந்த இரண்டாம் வரி. கல்யாணமானதும் தந்தை பெயரை எடுத்துக் கணவர் பெயரைப் போட்டாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தந்தை, தாய், கணவர் என்று படிவத்தில் தெரிவு உண்டு, எதையும் எழுதலாம். தலைப்பெழுத்தும் அப்படியே இருக்கலாம். ‘மு. செல்வி’ கல்யாணத்துக்குப் பிறகு வாக்காளர் பட்டியலில் ‘ரா. செல்வி’ ஆகி, ஆதாரில் ‘மு. செல்வி’யாகவே நின்றால், அடுத்த சரிபார்ப்பில் இவர் அவர்தானா என்ற கேள்வி எழும். மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் எதிலும் மாற்றாமல் விடுவது மேல். என் யோசனை இரண்டாவது. கூடவே எழுத்துப் பிழை: ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினி தானாகத் தமிழாக்கும்போது ‘வள்ளி’ ‘வல்லி’ ஆகும், ‘கனகா’ ‘கணகா’ ஆகும். சமர்ப்பிக்கும் முன் தமிழ்ப் பெட்டியைத் தனியாகப் படித்துத் திருத்த வேண்டும்.

18 வயது நிரம்புவதைக் கணக்கிட இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. நோட்டீஸ், ஆட்சேபம், விசாரணைக்கெல்லாம் நாள் வேண்டும் என்பதால், தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவது பெரும்பாலும் வீண்.

2025இல் பீகாரில் நடந்த, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்தப் பழைய சிக்கலைப் புது உருவத்தில் கொண்டுவந்தது. அங்கே 2003 பட்டியலை அடிக்கல்லாக வைத்தார்கள். அதில் பெயர் இருந்தால் கவலையில்லை. இல்லாதவர் பிறப்புக்கு ஆவணம் காட்ட வேண்டும். பெற்றோர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் பெற்றோர் பங்குக்கு அந்தப் பக்கமே போதும். தமிழ்நாட்டிலும் 2025 நவம்பரில் வீடு வீடாக வந்த கணக்கெடுப்புப் படிவம் இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலோடு இணைப்புக் கேட்டது. முப்பது வயது ஆணுக்கு இது ஒரு நிமிட வேலை: அதே வீடு, அதே தெரு, பழைய பட்டியலில் அப்பா பெயர். அவன் மனைவிக்கு? மாமனார் பெயரும் மாமியார் பெயரும் அதே பக்கத்தில் இருக்கின்றன, இரண்டும் உதவாது. அவள் பிறந்த வீட்டின் பழைய தொகுதியைத் தேட வேண்டும். இடையில் தொகுதிகளின் எல்லை மாறியிருக்கிறது. 2008 சீரமைப்பில் பல தொகுதிகளின் பெயரே காணாமல் போய்விட்டது.

அதனால் பிறந்த வீட்டுக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் இதைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: பழைய தொகுதியின் பெயரும் எண்ணும், பாகம் எண், அப்பாவின் வரிசை எண், அம்மாவின் வரிசை எண். பட்டியலில் எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறதோ, பிழையோடு, அப்படியே. அம்மாவின் கட்டத்தில் இரண்டாம் வரியையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அவளும் ஒரு காலத்தில் வேறொரு ஊரிலிருந்து வந்தவள்தான்.